மூன்றாம் பாடியின் உப்பு

ஊசிப்பாறை எஸ்டேட்டின் மூன்றாம் பாடியில் உப்பு முதன்முதலாக விட்டுப்போனது பிலோமினா வீட்டு மொச்சைக் குழம்பிலிருந்துதான் என்று பின்னால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பாடி என்பது தேயிலைக் காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்காக வரிசைக்கு ஒரே கூரையாக, எதிரெதிரே கட்டிய வீடுகள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள், யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பது பேசாதவர்களுக்கு முன்னால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிலோமினாவின் புருஷன் சவரிமுத்து முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு மென்றபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"உப்புப் போடலியா?"

"போட்டனே. கை நிறைய அள்ளிப் போட்டேன்."

அவள் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தாள். புளி இருந்தது, மிளகாய் இருந்தது, மொச்சையின் மாவு ருசி இருந்தது, உப்பு இல்லை. இன்னொரு கை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். நாக்கில் ஒரு நொடி கரித்தது. அவள் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் அந்தக் கரிப்பு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற விருந்தாளியைப் போலப் போய்விட்டது. அடுத்த நாள் அடுத்த வீட்டில் போனது, அதற்கடுத்த நாள் எதிர்வரிசையில் போனது, வாரம் முடிவதற்குள் மூன்றாம் பாடியில் ஒரு சட்டியிலும் உப்பு தங்கவில்லை. ஜாடியில் இருக்கும்வரை உப்பு உப்பாகத்தான் இருந்தது, நாக்கில் வைத்தால் சுருக்கென்று கரித்தது. கரைந்து சோற்றிலோ குழம்பிலோ இறங்கியதும் காணாமல் போனது. கருவாடு மரச்சீவலாகிவிட்டது. ஊறுகாய் வெறும் புளிப்பாகிவிட்டது. பெண்கள் கூட்டமாகக் கடைக்குப் போய் அஷ்ரப்பைப் பிடித்து உலுக்க, அவர் மூட்டையை எல்லோர் முன்னாலும் பிரித்து, ஒரு பிடி அள்ளித் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றார். அதற்குமேல் அவரைக் கேட்க ஒன்றுமில்லை.

பாடிக்குக் கீழே ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் இருந்தது. அந்தப் பாலத்தைத் தாண்டி, அக்கரைக் காட்டில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், பொட்டலத்தில் உப்பு மடித்துக்கொண்டு போய் அங்கே சோற்றில் பிசைந்தால் உப்பு தங்குகிறது என்பதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். சில நாள் தங்கியது, சில நாள் தங்கவில்லை. தங்காத நாளெல்லாம் தங்களோடு யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதை முதலில் கவனித்தவள் பிலோமினா. கவனித்தவள் வெளியே சொல்லவில்லை. ஏனென்றால் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டவள் தன் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த வெள்ளத்தாய்.

வெள்ளத்தாய் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். புருஷன் சுடலைமுத்து, சவுக்கு மரம் கழிக்கும்போது கிளை முறிந்து விழுந்து போய்ச் சேர்ந்த பிறகும், ஊருக்குத் திரும்பாமல் தனியாகவே அந்த வீட்டில் இருந்தாள். சில வருஷங்களுக்கு முன்னால் இருமலில் ரத்தம் வந்து, டிபி என்று சொல்லி, மாத்திரையை முழுக்கத் தின்று எழுந்தவள். எழுந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் போன மழைக்காலத்திலிருந்து அவள் மெல்ல மெல்ல வாடிக்கொண்டு வந்தாள். உள்ளங்கை ரேகைகள் கரிக்கோடுகளாகின, ஈறு நாவற்பழம் தின்றதுபோலக் கறுத்தது, வெயிலே படாத வயிற்று மடிப்புகூடக் கறுத்தது. காலையில் எல்லோரும் கூடையோடு இறங்கும்போது அவள் மட்டும் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உடம்பு எழுந்திருக்க வேண்டிய நேரத்தை யாரோ அவளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டதைப் போல இருக்கும். எழுந்து நின்றால் கண் இருட்டியது. புடவைத் தலைப்பில் கல்லுப்பை முடிந்து வைத்துக்கொண்டு, கற்கண்டு சப்புகிற மாதிரி சப்பிக்கொண்டே கொழுந்து பறித்தாள்.

விஷயம் மற்றவர்களுக்கும் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் எல்லோரும் கூடினார்கள். சங்கத்துத் தலைவர் சங்கிலிமுத்து, எதையும் உரக்கச் சொல்லிப் பழகியவர், அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா வெள்ளத்தாயி, ஊர்ல பேசிக்கிறது நெசமா?"

வெள்ளத்தாய் குழாய்த் திண்டில் சாய்ந்து நின்றாள். "நெசந்தாண்ணே. உங்க எல்லார் வீட்டுக் குழம்பும் எனக்கு உள்ள தெரியுது. ருசியெல்லாம் வரல, உப்பு மட்டும் வருது. வந்தது தங்க மாட்டேங்குது. ஓடுற தண்ணியா ஓடிருது."

"வராம நிறுத்த முடியாதா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே முயன்று பார்த்தவளின் யோசனை அது. "மூச்சை நிறுத்துற மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

யாரும் சண்டை போடவில்லை. போட வந்தவர்கள்கூட அவள் கையைப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு மூன்றாம் பாடி, மழை பெய்வதற்கும் அட்டை கடிப்பதற்கும் பழகினதைப்போல, உப்பில்லாமல் இருக்கவும் பழகிக்கொண்டது. புளியைக் கூட்டினார்கள், பச்சைமிளகாயை நசுக்கிப் போட்டார்கள், எலுமிச்சம்பழத்துக்கு அஷ்ரப் கடையில் அடிபிடி ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய், ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்து, உப்பு போட்டுப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார்கள். அந்த வருஷம் பேசப் பழகிய பிள்ளைகள் பாலத்துக்கே உப்பு என்று பேர் வைத்துவிட்டன. எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அருணகிரி, தன்னிடம் பிரஷர் மாத்திரை வாங்குகிற கிழவர்களுக்கெல்லாம் பிரஷர் இறங்கியிருப்பதைக் கண்டு கொஞ்ச நாள் தன் கைராசி என்றே நம்பிக்கொண்டிருந்தார். வெள்ளத்தாயின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோதுதான் அந்த நம்பிக்கை போனது. பார்த்துவிட்டுக் கருவியைத் தட்டினார், மறுபடி பார்த்தார், முகம் மாறியது.

"இங்க என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. தள்ளிப்போடாத."

அவள் தலையாட்டினாள். வளைவு வளைவாக இறங்குகிற பஸ்ஸில் உட்காரவே அவளுக்குத் தெம்பு இல்லை. கூடப் போக ஆளும் இல்லை. பிலோமினா போயிருக்கலாம். போகிறேன் என்று வாய்வரை வந்தது. அவள் மகள் ஜெசிந்தாவுக்கு அப்போது கல்யாணம் கூடியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மலைக்காரர்கள். விருந்து இங்கே, பாடி வாசலில் பந்தல் போட்டு. ஜெசிந்தாவுக்குச் சேலை எடுத்து, பந்தலுக்குச் சொல்லி, சமையல்காரரைப் பிடித்து, எல்லாம் ஆன பிறகும் பிலோமினாவின் தலைக்குள் ஒரே காட்சி ஓடிக்கொண்டிருந்தது: மாப்பிள்ளையின் அத்தைமார் வரிசையாக உட்கார்ந்து பிரியாணியை வாயில் வைக்கிறார்கள், ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கிறாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒன்றும் சொல்லாததை ஜெசிந்தா தன் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறாள்.

இதற்குள் பொதுச் சுவர் வெளுத்துவிட்டிருந்தது. வெள்ளத்தாயின் உடம்புக்கு வந்த உப்பெல்லாம் அங்கே நிற்காமல் வியர்வையாகவும் நீராகவும் வெளியேறி, சுவரில் பூத்து, தரையில் பூத்து, கொல்லைப்புறச் சாக்கடை நெடுக வெள்ளைப் பொருக்காக உறைந்தது. பிலோமினா தன் பக்கத்துச் சுவரைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து அலுத்துப்போனாள். மாதாவின் படத்தை வேறு சுவருக்கு மாற்றினாள். அந்தி நேரத்தில் கேளையாடு என்கிற சின்னக் காட்டுமான்கள் வந்து சாக்கடையை நக்கின. பிறகு முள்ளம்பன்றி வந்தது. பிறகு ஒரு காட்டுமாடு, கறுப்பு மலையாக வந்து நின்று, சுற்றி நின்று பார்க்கிறவர்களைச் சட்டைசெய்யாமல் கல்லை நக்கிவிட்டுப் போனது. பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்து, "இன்னும் பெருசு ஒண்ணு பாக்கி இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பிலோமினா அடுத்த வீட்டுக்குள் போனாள். வெள்ளத்தாய் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். எலும்பு தெரிந்தது.

"வெள்ளத்தாயி."

"வாங்கக்கா. சொல்லுங்க."

"நான் ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது."

"கல்யாணத்துக்கு நான் இங்க இருக்கக் கூடாது. அதானக்கா?" குரலில் ஒரு கசப்பும் இல்லை. "நானே சொல்லலாம்னு இருந்தேன். தம்பி வீடு சங்கரன்கோயில்ல இருக்கு. அங்க போயிர்றேன். ஜெசிந்தா மாமியா வீட்டுல தலை குனியக் கூடாது."

"கல்யாணம் முடிஞ்சதும் வந்துரு. நானே வந்து கூட்டிட்டு வாரேன்."

"ம்" என்றாள் வெள்ளத்தாய். பிறகு, "அங்க அவங்க சட்டியிலயும் போயிரும். தம்பி பொண்டாட்டி கொஞ்சம் கோவக்காரி" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மீதிச் சிரிப்புக்கு அவளிடம் பலம் இருக்கவில்லை.

வெளியே வந்த பிலோமினாவுக்கு, நினைத்தது நடந்த நிம்மதி வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவளை அனுப்பி வைக்க வேண்டும். விடிவதற்கு முன்பே எழுந்து பாலில்லாத கட்டஞ்சாயா போட்டாள், ஒரு பையில் சோறு கட்டினாள், பஸ்ஸில் ஏறிய பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்று உப்பையும் தனியாக மடித்து வைத்தாள்.

பொழுது புலர்ந்து மூடுபனி கலைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கொல்லைப் பக்கம் யாரோ, "பெரியவர் வந்துட்டார்! எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தினார்கள். இந்த மலையில் யானையின் பேரை யாரும் சொல்வதில்லை. கதவுகள் திறந்தன, பாத்திரங்கள் உருண்டன, பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் போட்டுக்கொண்டு பாடி முழுவதும் சரிவில் இறங்கிப் பாலத்தைப் பார்த்து ஓடியது. பிலோமினா ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பாலத்தைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தபோது, ஒற்றைக் கொம்பன் ஒன்று வெள்ளத்தாய் வீட்டின் பின்சுவரில் நெற்றியை வைத்து, அவசரமில்லாமல், கதவைத் தள்ளிப் பார்க்கிறவரைப் போலத் தள்ளிக்கொண்டிருந்தது. செங்கல் சரிந்தது. சரிந்த செங்கல்லைத் துதிக்கையால் எடுத்து வாயில் வைத்துச் சப்பியது.

"வெள்ளத்தாயி எங்க?" என்றாள் பிலோமினா.

எல்லோரும் ஒருவர் முகத்தில் ஒருவர் தேடினார்கள்.

பிலோமினாவுக்கு இடுப்புவலி ரொம்ப நாளாக உண்டு. குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் தலையில் சுமக்கிறவள், படியேறும்போது முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி ஏறுகிறவள். அவள் அப்போது யோசித்துத் திரும்பினாள் என்று சொல்ல முடியாது. அடிவயிற்றுக்குப் பின்னால், முதுகுப் பக்கம், எங்கேயோ ஒரு இடத்தில் அடுப்பு பற்றிக்கொண்டது. நெஞ்சு காது வரைக்கும் அடித்தது. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பனி விலகியது போலக் கண்ணுக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது, ஒவ்வொரு படியும், ஒவ்வொரு கல்லும், படியில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும். சவரிமுத்து கூப்பிட்டது அவளுக்குத் தூரத்தில் கேட்டது. அவள் சரிவில் ஏறி ஓடினாள். வலி என்று ஒன்று தனக்கு உண்டு என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

வெள்ளத்தாய் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். பின்சுவர் இருந்த இடத்தில் வெளிச்சமும் யானையின் முகமும் இருந்தன. அவள் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் அது தெரிந்தது. ஆனால் உடம்பு அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. உதடு வெளுத்து, நெற்றி ஜில்லென்று வியர்த்து, கண் செருகிக்கொண்டு போனது.

"எந்திரி! எந்திரிடி!"

"முடியலக்கா. சொல்லுறேன், கேக்க மாட்டேங்குது." தன் கால்களை, பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நீங்க போங்க."

பிலோமினா குனிந்து அவளைத் தூக்கினாள். துணி மூட்டையைத் தூக்குகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாக வெளியே வந்து, சரிவில் இறங்கி, பாலம்வரை நிற்காமல் ஓடினாள். யானை அவளைப் பின்தொடரவில்லை. அது சுவரைத்தான் தின்ன வந்திருந்தது. பாலத்தில் சவரிமுத்தும் சங்கிலிமுத்துவும் சுமையை வாங்கிக்கொண்ட பிறகு, பிலோமினாவின் கைகால் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கியது. எஸ்டேட் ஜீப் வந்து, வெள்ளத்தாயைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்குகிற வரைக்கும் அந்த நடுக்கம் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வெள்ளத்தாய் வாந்தியெடுத்தாள். அடிவாரத்தில் வாந்தியும் நின்றுபோய், கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது.

கீழே ஆஸ்பத்திரியில் அவளைக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் வார்டு முழுக்கச் சோற்றுத் தட்டுகள் பாதியில் நின்றன. தயிர்சாதத்தில் உப்பில்லை என்று நோயாளிகள் சத்தம் போட, கேன்டீன்காரர் உப்பு டப்பாவோடு ஓடிவந்து கட்டில் கட்டிலாகத் தூவிப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். பிலோமினாவுக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரிந்தது. டாக்டரம்மா, நடுவயதுக்காரர், வெள்ளத்தாயின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார், பழைய டிபி பற்றிக் கேட்டார், நர்ஸிடம் அவசரமாக ஏதோ சொன்னார். ஒரு ஊசி ஏறியது. சலைன் பாட்டில் தொங்கியது. யாரோ வற்புறுத்தித் தந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ருசியற்ற சோற்றைப் பிசைந்து பிசைந்து வாயில் வைத்துக்கொண்டிருந்த பிலோமினாவின் நாக்கில், ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில், உப்பு வந்தது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "பொழச்சுக்கிட்டா" என்றாள். நர்ஸ் அப்போதுதான் பிரஷர் பார்க்கப் பட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா பிலோமினாவை உட்காரவைத்துச் சொன்னார். "கிட்னின்னு சொல்றோமே, குண்டிக்காய், அது ரெண்டு இருக்குல்ல, அதுக்கு மேல தொப்பி வச்ச மாதிரி ரெண்டு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கும். அட்ரீனல்னு பேரு. இவங்களுக்கு அந்த ரெண்டையும் பழைய டிபி தின்னுட்டுப் போயிருக்கு."

பிலோமினா யோசித்தாள். கிறிஸ்மஸுக்கு ஆடு அடிக்கும்போது அவள்தான் குடல், குண்டிக்காய் சுத்தம் பண்ணுகிறவள். "ஆட்டுல கொழுப்புக்குள்ள பீன்ஸ் விதையாட்டம் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குமே, கொழுப்போட வழிச்சு எறிஞ்சிருவோம். அதாம்மா?"

"அதேதான்."

"அவ்வளவு சின்னதா?"

"அவ்வளவு சின்னதுதான். உடம்புல உப்பைப் போகாமப் பிடிச்சு வைக்கிறது அது. காலைல எழுப்பி உட்கார வைக்கிறது, காய்ச்சல் வந்தா தாங்க வைக்கிறது, பட்டினி கிடந்தா சமாளிக்க வைக்கிறது. பயந்தா நெஞ்சு அடிச்சு ஓட வைக்குதே, அதுவும் அங்கிருந்துதான். நீங்க அவங்களைத் தூக்கிட்டு ஓடினீங்கன்னு சொன்னாங்க. உங்களைத் தூக்கிட்டு ஓடினது அது."

பிலோமினா தன் கையைப் பின்னால் கொண்டுபோய், விலாவுக்குக் கீழே, முதுகில் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷம் குளிரிலும் மழையிலும் கூடை சுமந்து ஏறி இறங்கியபோதெல்லாம் உள்ளே விழித்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு அவள் ஒருநாளும் பேர் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் அது அணைந்துகொண்டிருந்தபோது தான் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்ததை நினைத்தபோது முதுகிலிருந்து கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"மாத்திரை தரேன்" என்றார் டாக்டரம்மா. "அந்தச் சுரப்பி செய்ய வேண்டியதை இந்த மாத்திரை செய்யும். உசிரு இருக்கிறவரைக்கும் சாப்பிடணும். காய்ச்சல் வந்தா கூட்டிச் சாப்பிடணும். ஒருநாளும் விடக் கூடாது. விட்டா என்ன ஆகும்னு நீங்களே பாத்துட்டீங்க."

ஜெசிந்தாவின் கல்யாணத்துக்கு வெள்ளத்தாய் பந்தலில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டாள். பிரியாணியில் உப்பு சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அத்தைமார் மறுசோறு கேட்டுச் சாப்பிட்டார்கள். இந்தப் பாடியில் உப்பு என்ன பாடு பட்டது என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. எஸ்டேட்டில் பின்சுவரைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார்கள். அதில் உப்பு பூக்கவில்லை. காட்டுமாடு ஒருமுறை வந்து வெறும் கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு போய்விட்டது. வெள்ளத்தாய் விடிகாலையில் மற்றவர்களோடு எழுந்தாள், கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினாள், சூப்பர்வைசரோடு சண்டைகூடப் போட்டாள். அவள் சண்டை போட்ட அன்று மூன்றாம் பாடியில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதற்கடுத்த வருஷம் ஆடி மாதத்தில், மலை பிறந்ததிலிருந்து பெய்யாத மழை பெய்தது. கீழே போகிற ரோடு இரண்டு இடத்தில் சரிந்து, பஸ் நின்றது, கரண்டு நின்றது, போன் நின்றது. வெள்ளத்தாய்க்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரையைக் கூட்டிச் சாப்பிட்டதில் மாத்திரை சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மழையில் யாரை அனுப்புவது, யாரை மண்ணுக்குள் தள்ளுவது என்று நினைத்துப் பேசாமல் படுத்துக்கொண்டாள்.

சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் பிலோமினா ரசத்தை ஊற்றி வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே எழுந்தாள். அடுத்த வீட்டில் எழுந்தார்கள். எதிர்வரிசையில் எழுந்தார்கள். எல்லா வீட்டுக் கதவும் ஒரே சமயத்தில் திறந்தது. கம்பவுண்டர் அருணகிரி தன் அலமாரியைக் கவிழ்த்துத் தேடி, அந்த மாத்திரையும் அந்த ஊசியும் தன்னிடம் இல்லை என்று கைவிரித்தார். சங்கிலிமுத்து மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார். சவரிமுத்து கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டினான். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ரோடு இல்லாத இடத்தில் காட்டு வழியாகச் சரிவைச் சுற்றிக் கீழே இறங்கி, வாங்கிக்கொண்டு, திரும்பி ஏற வேண்டும்.

"அதுவரைக்கும்?" என்று சவரிமுத்து பிலோமினாவைப் பார்த்தான்.

"நீங்க போங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

பாடி முழுவதும் அன்று உலை வைத்தது. சாப்பிடுகிற நேரமா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, பெரிய பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஏற்றி, அரிசியும் கொஞ்சம் பருப்பும் போட்டு, அதில் உப்பை அள்ளி அள்ளிப் போட்டார்கள். போட்ட உப்பு கரைந்து போனது, மறுபடி போட்டார்கள், மறுபடி போனது, போகப் போக முகம் தெளிந்து இன்னும் போட்டார்கள். முன்பு இதே உப்பு சட்டியை விட்டுப் போனபோது கரண்டியைத் தூக்கி எறிந்தவர்கள், இப்போது அது போகிறதா என்று நக்கிப் பார்த்து, போகிறது என்று தெரிந்ததும் அடுத்த பிடியை எடுத்தார்கள். அஷ்ரப் கடையிலிருந்த மூட்டையைத் தானே முதுகில் சுமந்துகொண்டு வந்து குழாயடியில் பிரித்து வைத்தார். பிலோமினா தன் அடுப்புக்கும் வெள்ளத்தாயின் பாய்க்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.

"போதும்க்கா" என்றாள் வெள்ளத்தாய், கண்ணைத் திறக்காமல். "எல்லார் வீட்டுலேர்ந்தும் வருது. தாங்கல."

"தாங்கணும். வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோ."

அந்த ராத்திரியும் போனது, மறுநாள் பகலும் போனது. உப்பில்லாத கஞ்சியையே எல்லோரும் குடித்தார்கள். தங்கள் பங்கு எங்கே போகிறது என்று தெரிந்திருந்ததால் அது தொண்டையில் சிக்கவில்லை. வெள்ளத்தாய் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். கை ஜில்லென்றிருந்தது, நாடி நூலாக ஓடியது, ஆனால் ஓடியது.

அந்திக்குச் சற்று முன்பு, மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, கம்பவுண்டரை வெள்ளத்தாயின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் பிலோமினா தன் வீட்டு அடுப்பில் இன்னொரு பிடி உப்பைப் போட வந்தாள். வாசல் பக்கம் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ சங்கிலிமுத்துவின் பேரைச் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்குள் தடதடவென்று காலடிகள் நுழைந்தன, ஒரு டம்ளர் உருண்டது, கம்பவுண்டரின் குரல் "கையை நீட்டும்மா" என்றது. பிலோமினா போய்ப் பார்க்கவில்லை. பாதிப் பிடி உப்போடு நின்ற கையைப் பாத்திரத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். பிறகு அந்தக் கையை மடக்கிக்கொண்டு, மற்றக் கையால் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து, ஊதி, வாயில் வைத்தாள்.

கடலையே வாயில் ஊற்றியது போலக் கரித்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியுமாகப் போட்டுக்கொண்டே இருந்தவர்களின் கைப்பழக்கம் அப்படி. கடைசியாகப் போட்ட பிடிகள் அத்தனையும் போக இடமில்லாமல் சட்டியிலேயே நின்றுவிட்டன. கண்ணில் நீர் வந்தது. எதிர்வரிசையில் யாரோ இருமினார்கள், யாரோ செருமினார்கள், அதற்கப்பால் ஒரு பெண் உரக்கச் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியாது. வைத்தவர்கள் யாரும் துப்பவில்லை. பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, குடித்துக் குடித்து, பிலோமினா ஒரு தட்டில் ஊற்றிக்கொண்ட கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை உண்டு முடித்தாள். அதன் பிறகு கையைக் கழுவிவிட்டு வெள்ளத்தாயைப் பார்க்கப் போனாள்.